கடினம் சரி, ஷாஃப்ட் ஏன் உடைந்தது?

உடைந்த ஷாஃப்ட் ஒன்று மேசைக்கு வந்தால் நான் முதலில் அதன் முறிந்த முகத்தைத்தான் பார்ப்பேன். கடினம் பார்க்கும் மெஷினுக்கு அனுப்புவதெல்லாம் அப்புறம். முறிந்த இடம் மங்கலாக, சாம்பல் நிறத்தில், நார்நாராக இருந்தால் அந்த இரும்பு வளைந்து இழுபட்டு, தாங்கமாட்டாமல்தான் போயிருக்கிறது. வெளிச்சத்தில் திருப்பும்போது பொடிப்பொடியாக மின்னினால், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பட்டென்று போயிருக்கிறது. வளையம் வளையமாகக் கோடுகள் தெரிந்தால் அது நாள்பட்ட களைப்பு முறிவு. அதற்குக் காரணம் பெரும்பாலும் அலைன்மென்ட்டிலோ, கீவே மூலையிலோ இருக்கும். அந்தக் கதை வேறு.

மின்னுகிற முகம்தான் எங்கள் தொழிலைக் கேள்வி கேட்பது. அப்படி வந்த ஸ்டெயின்லெஸ் ஷாஃப்டுகளில் பலவற்றோடு கூடவே வந்த காகிதத்தில் கடினம் சரியாகவே இருந்தது. வரைபடம் கேட்ட எண் எதுவோ, சர்டிபிகேட்டிலும் அதுவே. யாரும் பொய் எழுதவில்லை. மறுபடி அளந்தாலும் அதே எண்தான் வரும். ஆனாலும் ஆயிரம் அடி போர்வெல்லுக்குள் மோட்டார் ஸ்டார்ட் ஆன அந்த நொடியில் ஷாஃப்ட் இரண்டாகப் போயிருக்கிறது. குழாய் அத்தனையையும் மேலே இழுத்துப் பம்பைப் பிரித்த விவசாயிக்கு அந்தச் சர்டிபிகேட்டால் ஒரு பயனும் இல்லை.

கோயம்புத்தூரில் பம்பு ஒரே கூரையின் கீழ் பிறப்பதில்லை. கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ என்று லேத் பட்டறை, ஃபவுண்டரி, பேட்டர்ன் கடை, வைண்டிங் எனப் பல கைகளில் பிரிந்து போய்த்தான் ஒன்று சேரும். அந்தக் கைகளில் ஒன்று எங்களுடையது. பிறருடைய இரும்பை வாங்கி, சூடேற்றி, ஆற்றி, திருப்பிக் கொடுக்கும் ஜாப் ஒர்க். எண்பதுகளின் கடைசியில் நான் இதில் நுழைந்தபோது எங்கும் உப்பு பாத்துகள்தான். உருகிய உப்பில் ஜாபை முக்கி எடுத்து ஆயிலில் இறக்குவோம். வந்ததெல்லாம் இஎன் 8, இஎன் 19, இஎன் 24. இந்தக் கார்பன், அலாய் இரும்புகளில் ஃபோர்மேன் சொல்லிக்கொடுத்த பாடம் ஒரே வரி: கடினமாக்கியதை மறுபடி சூடேற்றும் டெம்பரிங்கில் சூட்டை ஏற்ற ஏற்றக் கடினம் இறங்கும், அடிதாங்கும் திறன் ஏறும். அதற்குள்ளும் சில விலக்குகள் உண்டு. ஆனால் பம்புத் தொழிலின் அன்றாடத்துக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

ஸ்டெயின்லெஸ் வந்ததும் அந்த வரி உதவாமல் போனது. பட்டறைகள் பலவற்றில் அந்தப் பாடம் இன்னும் போகவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பம்பு ஷாஃப்டுக்கு அதிகம் வருவது 410, 420, 431. மூன்றும் மார்ட்டென்சைட் வகை. அதாவது, 304 பாத்திர இரும்பு ஹார்டனிங்குக்கு மசியாது. இவை சூடேற்றி ஆயிலில் இறக்கினால் கடினமாகும். குரோமியம் 410ல் 11.5 முதல் 13.5 சதவீதம் வரை, 420ல் 12 முதல் 14 வரை. கார்பன்தான் இரண்டையும் பிரிப்பது. 410ல் அது 0.15 சதவீதத்துக்குள் அடங்கும். 420ல் அதற்கு மேல். எங்களுக்கு வருவதில் பெரும்பாலும் 0.2க்கும் 0.4க்கும் நடுவில் இருக்கும். 1913 ஆகஸ்டில் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருக்கியதும் ஏறக்குறைய இதே 420தான்: குரோமியம் 12.8, கார்பன் 0.24. துப்பாக்கிக் குழல் தேய்மானத்துக்கு மருந்து தேடப் போனவர், அமிலத்தில் கறுக்காத இரும்பைக் கண்டார். அதை மேசைக் கத்திக்குக் கொண்டுபோனபோது அந்த ஊர்க் கத்திக்காரர்கள், இது வெட்டவே வெட்டாது என்று திருப்பினார்கள். அவர்களுக்குப் பழகிய சூட்டில் இந்த இரும்பு கடினமாகவில்லை. இதற்கு ஆயிரம் டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போக வேண்டும். உலகின் முதல் ஸ்டெயின்லெஸ் கத்திகளே ஹீட் ட்ரீட்மென்ட் தெரியாமல் தடுமாறியவைதான். நூறு ஆண்டு கழித்தும் பிரச்சினை அதே இடத்தில்தான், கொஞ்சம் வேறு உருவத்தில்.

அந்த உருவம் என்ன என்பதை ஒரு சோதனையில் நாங்களே பார்த்தோம். ஒரே 420 ராடிலிருந்து துண்டுகள் வெட்டினோம். எல்லாவற்றையும் ஒரே லோடில் ஹார்டன் செய்து, வேறு வேறு சூட்டில் டெம்பர் செய்தோம்: 200ல் தொடங்கி 650 வரை. கல்லூரி லேப் ஒன்றில் சார்பி மெஷினில் உடைத்துப் பார்த்தோம். 55 மில்லிமீட்டர் நீளம், பத்துக்குப் பத்து சதுரம், நடுவில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வெட்டு. ஊசலாக வரும் சுத்தியல் அதை அடித்து உடைக்க எவ்வளவு ஆற்றலை இழக்கிறது என்பதே கணக்கு. கடினத்தின் கோடு 200லிருந்து 500 வரைக்கும் ஏறக்குறைய படுத்தே கிடந்தது. நடுவில் கொஞ்சம் ஏறக்கூடச் செய்தது. 500ஐத் தாண்டியதும் செங்குத்தாக விழுந்தது. அடிதாங்கும் திறனின் கோடோ வேறு வழியில் போனது. 200லிருந்து 350 வரை சுமாராக நின்றது, 450ஐ நெருங்கும்போது சரிந்தது, 500ஐச் சுற்றித் தரை தட்டியது, 600ஐத் தாண்டிய பிறகுதான் மளமளவென்று ஏறியது.

இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் போட்டால் ஆபத்து கண்ணுக்குத் தெரியும். 300ல் டெம்பர் ஆன துண்டும் 480ல் டெம்பர் ஆன துண்டும் ராக்வெல் மெஷினில் இரட்டைப் பிள்ளைகள். சுத்தியலடியில் ஒன்று பரவாயில்லை, மற்றது பட்டென்று போகிறது. கடினம் மட்டும் பார்த்துப் பாஸ் செய்கிறவனுக்கு இரண்டும் நல்ல மால்.

உள்ளே நடப்பது இது. ஹார்டனிங்கில் கார்பன் எல்லாம் மார்ட்டென்சைட்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. 450 முதல் 550 வரையிலான சூட்டில் அந்தக் கார்பன் குரோமியத்தோடு சேர்ந்து மிக நுண்ணிய கார்பைடுகளாக உதிர்கிறது. அவை இரும்பின் அடுக்குகள் வழுக்குவதைத் தடுப்பதால்தான் கடினம் இறங்காமல் நிற்கிறது. வழுக்க முடியாத இரும்பு வளையாது. வளையாத இரும்பு விரிசலை நிறுத்தாது. இரும்பில் மிச்சமாய்க் கிடக்கும் பாஸ்பரஸ் மாதிரியான அசுத்தங்களும் இதே வட்டாரச் சூட்டில் மணிகளின் (கிரெயின்) எல்லைகளுக்கு நகர்ந்து அங்கே பிடிப்பைத் தளர்த்துகின்றன. போதாததற்கு, கார்பைடுக்குள் குரோமியம் போய்விடுவதால் அதைச் சுற்றிய இடத்தில் குரோமியம் வற்றி, துருவைத் தடுக்கும் குணமும் குறைகிறது. ஒரே சூட்டில் இரண்டு நஷ்டம்: நொறுங்கும், துருவும் பிடிக்கும். உலகெங்கும் கையேடுகள் 410, 420க்கு ஏறக்குறைய 400 முதல் 570 வரை டெம்பர் செய்யாதே என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

இவ்வளவு தெரிந்த விஷயமானால் பிறகு எப்படி நொறுங்கும் ஷாஃப்ட் வருகிறது? வரைபடத்திலிருந்துதான் வருகிறது. 410க்கு 34 முதல் 38 எச்ஆர்சி (ராக்வெல் சி கடினம்) என்று எழுதிய வரைபடங்களை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். இஎன் 24க்கு எழுதிப் பழகிய எண், மெட்டீரியலை மட்டும் மாற்றி அப்படியே ஸ்டெயின்லெஸ்ஸுக்கு வந்திருக்கும். 410ஐ 300 வரை டெம்பர் செய்தால் நாற்பதைச் சுற்றி நிற்கும். 620க்கு மேல் போனால் இருபதுகளின் நடுவுக்கு வந்துவிடும். நடுவில் அந்த 34, 38 எங்கே கிடைக்கும்? கடினக் கோடு செங்குத்தாக விழும் அந்தச் சரிவில், போகக்கூடாத சூட்டில்தான் கிடைக்கும். பத்து டிகிரி முன்னே பின்னே ஆனால் எண் தாறுமாறாக மாறும். அதையும் சமாளித்து, திறமையான ஆபரேட்டர் ஒருவர் கச்சிதமாக 36ல் கொண்டுவந்து நிறுத்துவார். எவ்வளவு கச்சிதமோ அவ்வளவு ஆபத்து.

பம்பு செய்யும் ஒருவர் நேராகவே கேட்டார்: “ஏனுங்க, நாங்க கேட்ட எண்ணுதானே ரிப்போர்ட்ல இருக்குது? அப்புறம் எப்படிங்க உடையும்?”

“எண்ணு சரிதானுங்க. அந்த எண்ணுக்கு எந்தச் சூட்டு வழியா வந்ததுன்னு ரிப்போர்ட்ல இல்லீங்களே” என்றேன்.

அவர் வந்தது எங்களிடம் செய்த ஜாபோடு அல்ல, வேறெங்கோ செய்ததை எடுத்துக்கொண்டு. உட்கார்ந்து தாளில் அந்த இரண்டு கோடுகளையும் வரைந்து காட்டினேன். படித்த எஞ்சினியர் அல்ல. லேத்திலிருந்து மேலே வந்தவர். பென்சிலை வாங்கி 36க்கு நேராகக் கோடிழுத்து, அது எங்கே விழுகிறது என்று அவரே கண்டுபிடித்தார். நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த இடைவெளி எண்தான் வேண்டும் என்றால் மெட்டீரியலை மாற்றுவதே நேர்வழி. 17-4 பிஎச் என்ற வகை இருக்கிறது. குரோமியம் 15 முதல் 17.5, நிக்கல் 3 முதல் 5, செம்பும் 3 முதல் 5. இது 1040 டிகிரியில் சொல்யூஷன் செய்த (சூட்டில் கரைத்து ஆற்றிய) நிலையில் லேத்தில் ஓடும். பிறகு 480க்கும் 620க்கும் நடுவில் ஒரு ஏஜிங் கொடுத்தால், செம்பு நுண்துகள்களாக உதிர்ந்து கடினம் தரும். 482ல் கடினம் உச்சம், அடிதாங்குவது குறைவு. 552ல் 35 எச்ஆர்சி வட்டாரம். 621ல் இன்னும் மென்மை, நல்ல தாங்குதிறன். 420க்குப் போகக்கூடாத சூடு இதற்குப் பிழைப்பு. அதனால்தான் ஸ்டெயின்லெஸ் என்ற ஒரே பெயரில் ஜாப் அனுப்புகிறவர்களிடம் கிரேடு எண் கேட்காமல் நான் டெலிவரி சலானில் (டிசி) கையெழுத்துப் போடுவதில்லை. விலை அதிகம் என்பது உண்மை. ஆயிரம் அடியிலிருந்து பம்பை மேலே இழுக்கும் கூலியைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் அந்த வித்தியாசம் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

410லேயே இருக்க வேண்டும் என்றால் கடினத்தை விட்டுக்கொடுத்து, விட்டத்தைக் கூட்ட வேண்டும். எண்ணெய், எரிவாயுத் துறையின் நேஸ் எம்ஆர்0175 விதி இதில் கறாரானது. ஹைட்ரஜன் சல்ஃபைடு படும் இடத்தில் 410 போட வேண்டுமானால் 22 எச்ஆர்சிக்கு மேல் கூடாது. டெம்பரும் இரண்டு முறை. முதல் டெம்பர் 620க்குக் குறையாமல் செய்து அறைச் சூட்டுக்கு ஆற்ற வேண்டும். மறுபடி 620க்குக் குறையாமல், ஆனால் முதல் டெம்பரைவிடக் குறைவான சூட்டில் இன்னொன்று. வால்வு செய்பவர்கள் சிலர் இதை வீண் செலவு என்பார்கள். வீண் இல்லை. முதல் டெம்பரில் ஆறும்போது, ஹார்டனிங்கில் மார்ட்டென்சைட்டாக மாறாமல் மிச்சமிருந்த ஆஸ்டனைட்டில் கொஞ்சம் புதிய மார்ட்டென்சைட்டாக மாறிவிடும். அது டெம்பர் ஆகாத பச்சை மார்ட்டென்சைட். நொறுங்கும் சுபாவம் கொண்டது. இரண்டாவது டெம்பர் அதற்காகத்தான்.

மெட்டீரியல் எது என்பதிலேயே சிக்கல் உண்டு. கடைகளிலும் இன்ஸ்பெக்ஷனிலும் இப்போது கையில் பிடிக்கும் எக்ஸ்ரே துப்பாக்கி வந்துவிட்டது. ராடின் மேல் வைத்து அழுத்தினால் குரோமியம், நிக்கல், மாலிப்டினம் எல்லாம் திரையில் வரும். நல்ல கருவி. ஆனால் அது கார்பனைக் காட்டாது. 410க்கும் 420க்கும் வித்தியாசமே கார்பன்தான். 420ஐ 410 என்று நினைத்து லோடில் சேர்த்தால் அது ஆயிலில் விரிசல் விடலாம். 410ஐ 420 என்று நினைத்தால் கடினம் வராது, பழி பர்னஸ் மேல் விழும். சந்தேகமான ராடிலிருந்து ஒரு வில்லை வெட்டி ஹார்டன் செய்து பார்ப்பது எங்கள் பழைய முறை. டெம்பருக்கு முன் நாற்பதைச் சுற்றி நின்றால் 410, ஐம்பதைத் தாண்டினால் 420. ஒரு வில்லை, ஒரு மணி நேரம். இன்றும் இதையே செய்கிறேன்.

ஹார்டனிங் நேரத்திலும் நொறுங்கும் வித்து விழ இடமுண்டு. ஸ்டெயின்லெஸ்ஸில் வெப்பம் மெதுவாகத்தான் உள்ளே போகும். 410ன் கடத்தல் சாதாரண இரும்பில் ஏறக்குறைய பாதி. அதனால் 780 பக்கத்தில் ஒரு முறை நிறுத்தி, உள்ளும் புறமும் சமமான பிறகே ஆயிரத்துக்கு ஏற்ற வேண்டும். அவசரத்தில் மேல் எல்லையைத் தாண்டி, 420ஐ 1100 வரை ஏற்றினால் மணிகள் பருத்துவிடும். பருத்த மணி விரிசலுக்கு நல்ல பாதை. ஆயிலிலிருந்து எடுத்த 420ஐ மறுநாள் டெம்பர் செய்துகொள்ளலாம் என்று ராத்திரி முழுக்க ரேக்கில் வைப்பது இன்னொரு கெட்ட பழக்கம். பையன்களிடம் நான் சொல்வது: “தம்பி, கையில பிடிக்க முடியற சூட்டுக்கு வந்துச்சுன்னா உடனே டெம்பர்ல போட்டுரு. டீ அப்புறம் குடிக்கலாம்.” டெம்பர் ஆகாத 420 ரேக்கிலேயே, யாரும் தொடாமலே, சத்தத்தோடு விரிசல் விடும். கறுப்புச் செதிலை எடுக்க அமிலத்தில் போடுவதும் ஆபத்தே. அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் இரும்புக்குள் போய், சில மணி நேரமோ சில நாளோ கழித்து வெடிப்பு காட்டும். 45 எச்ஆர்சிக்கு மேல் உள்ள ஜாபுக்கு ஷாட் பிளாஸ்ட் போதும், அமிலம் வேண்டாம்.

வேக்குவம் பர்னஸ் வந்தபிறகு செதில் பிரச்சினை போயிற்று. ஜாப் வெள்ளி நிறத்தில் வெளியே வரும். வாங்குகிறவர் பார்த்த உடனே மகிழ்ந்துபோவார். அந்தப் பளபளப்பைக் கண்டு நான் ஒருபோதும் நிம்மதி அடைவதில்லை. வேக்குவத்தில் ஆற்றுவது நைட்ரஜன் வாயு. ஆயிலின் வேகம் அதற்கு வராது. கனமான 420 துண்டையோ, கார்பன் 1 சதவீதத்தைச் சுற்றியுள்ள 440 சி துண்டையோ இரண்டு பார் அழுத்தத்தில் சாவகாசமாக ஆற்றினால், இறங்கும் வழியிலேயே மணி எல்லைகளில் கார்பைடு வலை கட்டிவிடும். வெளியே பளபளப்பு, கடினமும் கிடைத்துவிடும், உள்ளே உடைவதற்குத் தயாரான கோடுகள். அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், இல்லை லோடைக் குறைக்க வேண்டும். லோடைக் குறைத்தால் கிலோ விலை ஏறும் என்பதால் இந்தப் பேச்சு எப்போதும் சண்டையில்தான் முடியும்.

304, 316 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவற்றை 1050 பக்கம் சூடேற்றித் தண்ணீரில் இறக்கினால் கடினமாவதற்குப் பதில் இருப்பதிலேயே மென்மையான நிலைக்கு வரும். திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரியிலும் நொறுங்காது. 450க்கும் 850க்கும் நடுவில் நிற்க வைத்தால் மணி எல்லையில் குரோமியம் கார்பைடு உதிர்ந்து, பிறகு அந்த எல்லை வழியாக அரிக்கும். அதற்குத்தான் கார்பன் 0.03க்குள் உள்ள 304 எல் வந்தது. 430 என்ற ஃபெரைட் வகை வேறு. நாம் கையில் வைத்திருக்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ஸ்டெயின்லெஸ் நாணயத்தில் இரும்பு 83, குரோமியம் 17 சதவீதம். அதுவும் இந்தக் குடும்பமே, காந்தத்தில் ஒட்டும். இதை ஹார்டன் செய்ய முடியாது. வெல்டிங்கில் 950க்கு மேல் போனால் மணி பருத்து நொறுங்கும். 475ஐச் சுற்றி நெடுநேரம் வைத்தாலும் நொறுங்கும். இந்த 475 விவகாரம் இன்னொரு இடத்தில் பெரிதாகத் தலைகாட்டும்.

அந்த இடம் டூப்ளெக்ஸ். எங்கள் ஊர் ஃபவுண்டரிகள் ஏற்றுமதிக்கு வால்வு பாடி, பம்பு உறை வார்க்கத் தொடங்கியபின் இது எங்கள் பர்னஸுக்கும் வந்தது. குரோமியம் 22, நிக்கல் 5, மாலிப்டினம் 3. பாதி ஃபெரைட், பாதி ஆஸ்டனைட். கடல் தண்ணீருக்கு நல்ல இரும்பு. முறையாக ஹீட் ட்ரீட்மென்ட் ஆனால் அடி வாங்கினாலும் நசுங்குமே ஒழிய உடையாது. ஆகாவிட்டால்? ஒரு முறை டெம்போவிலிருந்து இறக்கும்போது ஒரு வால்வு பாடி கை நழுவி சிமென்ட் தரையில் விழுந்தது. இடுப்புயரம்கூட இல்லை. மண்பானை விழுந்த மாதிரி மூன்று துண்டாகப் போயிற்று. ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முகம் முழுக்க மினுக்கம். சுவர் கனம் ஓர் அங்குலத்துக்கு மேல்.

அதற்குக் காரணம் சிக்மா. ஏறக்குறைய 700க்கும் 950க்கும் நடுவில் ஃபெரைட் சிதைந்து, இரும்பும் குரோமியமும் கிட்டத்தட்டச் சரிபாதி சேர்ந்த கடினமான, துளியும் வளையாத ஒரு கட்டம் பிறக்கிறது. 800, 850 வாக்கில்தான் வேகம் அதிகம். குரோமியம் 25 உள்ள சூப்பர் டூப்ளெக்ஸில் சில நிமிடங்களே போதும். மணல் அச்சில் வார்த்த பாடி தன் போக்கில் ஆறும்போது இந்த வழியாகத்தான் மணிக்கணக்கில் இறங்குகிறது. ஆகவே வார்த்த நிலையில் ஒவ்வொரு டூப்ளெக்ஸ் பாடியும் நொறுங்கக்கூடியதே. ரைசரை (வார்ப்பில் கூடுதலாக நிற்கும் உலோகத்தை) சுத்தியலால் தட்டி உடைக்கும் வழக்கம் கார்பன் இரும்பு வார்ப்பில் சரி; இதில் பாடியோடு சேர்ந்து போகும். முதலில் சொல்யூஷன், அப்புறம் வெட்டு என்று எத்தனையோ ஃபவுண்டரிகளில் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

சொல்யூஷன் என்பது 1050க்கு மேல், நாங்கள் வைப்பது பெரும்பாலும் 1080 முதல் 1120, அங்கே நிறுத்தி சிக்மாவைக் கரைத்து, அந்தச் சூட்டோடு தண்ணீரில் இறக்குவது. கதவு திறந்ததிலிருந்து தண்ணீர் தொடும்வரை அரை நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும் என்பது எங்கள் பட்டறைச் சட்டம். தொட்டியில் தண்ணீர் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். கூடையில் பாடிகளை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கினால், வெளிப்பக்கத்தில் தண்ணீர் பட்டு நடுவில் நீராவி நிற்கும். நடுவில் இருந்தது மெதுவாக ஆறும். அதே லோடு, அதே பர்னஸ் சூட்டு சார்ட், ஆனால் ஒரு பாடி நல்லது, இன்னொன்று கெட்டது.

2012ல் மின்வெட்டு எங்களை வாட்டிய காலம் இந்த வேலையின் சோதனைக் காலம். நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. அறிவித்த நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் சம்பந்தம் இருக்காது. பர்னஸை ஓட்டும் அளவு ஜெனரேட்டர் எங்களைப் போன்ற சிறு பட்டறைக்குக் கட்டாது. ஆகவே ஒரு சிறிய ஜெனரேட்டரை ஹாய்ஸ்ட்டுக்கும் தொட்டியின் பம்புக்கும் மட்டும் ஒதுக்கினோம். ஊறும் நேரம் முடிந்த லோடு என்றால், கரண்ட் போன அந்த நிமிடமே கதவைத் திறந்து தண்ணீரில் இறக்கலாம். முடியாத லோடு என்றால் கதவைத் திறக்காமல் விட்டுவிட வேண்டும். அது செங்கல் சூட்டில் மெல்ல மெல்ல 900, 800 என்று இறங்கும். சிக்மா தாராளமாக விளையும். விளையட்டும். கரண்ட் வந்ததும் மறுபடி 1100க்கு ஏற்றி, ஊறும் கணக்கை முதலிலிருந்து தொடங்கினால் அத்தனை சிக்மாவும் கரைந்துபோகும். இந்த இரும்பின் பெருந்தன்மை அது: கெட்டதை முழுமையாகத் திருத்திக்கொள்ள வழி வைத்திருக்கிறது. செய்யக்கூடாதது ஒன்றுதான். 900க்கு இறங்கிவிட்ட லோடை, டெலிவரி அவசரத்துக்காகத் தண்ணீரில் இறக்கி, ‘குவென்ச் ஆயிற்று’ என்று எழுதுவது. அதை யாராலும் கடினத்தில் கண்டுபிடிக்க முடியாது. ஓரிரண்டு சதவீதம் சிக்மாவுக்கு ராக்வெல் முள் அசையாது. இழுவைச் சோதனையும் பாஸாகிவிடும். சார்பியில் மட்டும் அது விழுந்துவிடும்.

ஏஎஸ்டிஎம் ஏ923 இதற்காகவே எழுதப்பட்டது. 2205 வகைத் தகட்டுக்கு மைனஸ் 40 டிகிரியில் 54 ஜூல் வேண்டும் என்கிறது அதன் ஒரு முறை. அறைச் சூட்டில் உடைத்துப் பார்த்து நல்லது என்று திருப்தி அடைய அது விடுவதில்லை. ஃபெரைட் பாதி இருப்பதால் குளிரில்தான் பலவீனம் வெளியே வரும்.

மெஷினிங் முடிந்த டூப்ளெக்ஸ் பாகத்துக்கு 620ல் ஸ்ட்ரெஸ் ரிலீவ் கேட்டு டிசி வந்ததுண்டு. கார்பன் இரும்பு வெல்டிங்குக்கு அது அன்றாடச் சூடு. கேட்டவர் அந்தப் பழக்கத்தில் கேட்டார். 500ல் செய்யலாமா என்று அடுத்த கேள்வி. அதுவும் ஆகாது. 475ஐச் சுற்றி ஃபெரைட் உள்ளுக்குள்ளேயே குரோமியம் மிகுந்த பகுதி, இரும்பு மிகுந்த பகுதி என்று பிரிகிறது. சாதாரண மைக்ராஸ்கோப்பில் எதுவுமே தெரியாது, அவ்வளவு நுணுக்கம். இரும்பு மட்டும் விறைத்து நொறுங்கும். இதனால்தான் டூப்ளெக்ஸை 250, 300 டிகிரிக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் போடுவதே இல்லை. அந்த ஜாபை நாங்கள் செய்யாமல் திருப்பினோம். மெஷினிங் அழுத்தத்தை எடுக்க வேண்டுமென்றால், ரஃப் செய்ததும் முழு சொல்யூஷன் கொடுத்து, பிறகு ஃபினிஷ் செய்யுங்கள் என்று எழுதி அனுப்பினேன். வரைபடத்தைத் திருத்த அவர்களுக்குச் சில வாரம் ஆனது, ஆனால் திருத்தினார்கள்.

இப்போதெல்லாம் ஆர்டர் வாங்கும்போதே நான் பேசுவது சார்ட்டைப் பற்றித்தான். லோடில் தெர்மோகப்பிள் எங்கே இருந்தது, பர்னஸ் சுவரிலா, ஜாபின் கனத்துக்கு நடுவிலா. எந்தச் சூட்டில் எத்தனை நேரம். கதவிலிருந்து தண்ணீர் வரை எவ்வளவு. 410, 420க்கு டெம்பர் சூட்டைச் சர்டிபிகேட்டில் எழுதாமல் கடினம் மட்டும் எழுதித் தர மாட்டேன். டூப்ளெக்ஸ் என்றால் அதே உருக்கில் வார்த்த டெஸ்ட் பாரை, கூடையின் ஓரத்தில் அல்ல, நடுவில், கனமான பாடிக்குப் பக்கத்தில் வைத்து அதே லோடில் போடச் சொல்கிறேன். அதிலிருந்து வெட்டும் மூன்று சார்பி துண்டுக்கான செலவை யார் ஏற்பது என்ற பேச்சு ஒவ்வொரு ஆர்டரிலும் வரும். சில ஃபவுண்டரிகள் ஏற்கின்றன, சில பாதி கேட்கின்றன. பாதி கேட்டவர்களுக்கு மறுபாதியை நான் போட்டுக்கொள்கிறேன். லேப் ரிப்போர்ட் வரும்வரை லோடு எங்கள் பட்டறையிலேயே இருக்கும்.